பிராக் நகரத்து யூத இடுகாட்டில் சாய்ந்த கற்களை ஏன் நிமிர்த்தவில்லை?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பிராக் நகருக்குப் போயிருந்தீர்கள், பழைய யூத இடுகாட்டைப் பார்த்தீர்கள், ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் பாதி புதைந்தும் நின்றன. இத்தனை பேர் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிற இடத்தில் அவற்றை நிமிர்த்தி வைக்க ஆள் இல்லையா, இல்லை யூதர்கள் பெரும்பாலோர் அழிந்துபோனதால் கேட்பாரற்று விட்டுவிட்டார்களா என்று கேட்கிறீர்கள். பராமரிப்பைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், அடியில் இருப்பது வேறொரு உறுத்தல் என்று நினைக்கிறேன். சாய்ந்து கிடக்கிற கல்லறையைப் பார்த்தால் இறந்தவருக்கு யாரோ மரியாதைக்குறைவு செய்துவிட்டது போல நமக்குப் படுகிறது. நல்ல உறுத்தல்தான் அது. ஆனால் அந்தக் கற்கள் சாய்ந்ததற்குக் காரணமே இறந்தவர்களுக்குக் கொடுத்த மரியாதைதான். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கல் பாதுகாப்பு என் தொழில், 18 ஆண்டுகளாகிறது. ஊரில் கோயில் கல்வெட்டுகளில் தொடங்கினேன். பிறகு செக் நாட்டுச் சிற்றூர்களில் இருக்கும் யூத இடுகாடுகளில் ஏழு கோடைக்காலங்கள் வேலை பார்த்தேன். பிராக்கில் இருக்கும் இந்தப் பெரிய இடுகாட்டில் நான் கை வைத்ததில்லை. பார்வையாளராகப் பல முறை போயிருக்கிறேன், அங்கே வேலை செய்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கல், சாந்து, உப்பு, ஈரம் பற்றிச் சொல்வதெல்லாம் என் கைப்பழக்கத்திலிருந்து வருவது. யூதச் சட்டம் பற்றிச் சொல்வது, வேலையிடத்தில் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. எபிரேய எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிடுவேன், ஆண்டைக் கணக்குப் போட்டுவிடுவேன். செய்யுளாக எழுதிய வரிகளின் நயம் எனக்கு எட்டாது, அதற்கு அந்த மொழியில் ஊறியவர்கள் வேண்டும்.

சரி, வரலாற்றில் உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குவோம். அந்த இடுகாடு 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கியது. அங்கே நடப்பட்டவற்றில் ஆண்டு தெரிகிற மிகப் பழைய கல் 1439-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அவிக்தோர் காரா என்ற ரபியும் கவிஞருமானவருடையது. 1389-இல் பிராக் யூதர்கள் மேல் நடந்த படுகொலையைப் பற்றி அவர் பாடிய இரங்கற்பா இன்னும் நினைவில் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி அடக்கம் 1787-இல் நடந்தது. நகரத்துக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்று பேரரசர் இரண்டாம் யோசப் சுகாதாரக் காரணம் காட்டித் தடை போட்டதால் அதோடு நின்றது. ஆக, ஏறக்குறைய 350 ஆண்டுகள். இன்று மண்ணுக்கு மேலே தெரியும் கற்கள் சுமார் 12,000. இடமோ ஒரு ஹெக்டேர் அளவுதான், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சில பேர் அங்கே 14-ஆம் நூற்றாண்டுக் கல்லைப் பார்த்ததாகச் சொல்வார்கள். அதுவும் பொய் இல்லை. பிராக்கின் புதுநகர்ப் பகுதியில் இதற்கும் முந்திய ஒரு யூத இடுகாடு இருந்தது, 1478-இல் மூடப்பட்டது. அங்கிருந்து 1866-இல் தோண்டும்போது கிடைத்த கல் துண்டுகளைக் கொண்டுவந்து இந்த இடுகாட்டின் சுவரில் பதித்துவைத்தார்கள். அதனால்தான் சுவரில் இருக்கும் கல்லுக்கு இடுகாட்டை விட வயது அதிகம்.

இப்போது அடுக்குகளுக்கு வருவோம். யூதர்களுக்குக் கல்லறை என்பது இறந்தவரின் நிரந்தரச் சொத்து. புதைத்த உடலை எடுக்கக் கூடாது, குழியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஐரோப்பாவில் பல ஊர்களில் தேவாலயத்துக் கல்லறைகளில் சில பத்தாண்டுகள் கழித்து எலும்பை எடுத்து எலும்பறையில் சேர்த்துவிட்டு அதே குழியில் அடுத்தவரைப் புதைப்பது வழக்கம். யூதர்களிடம் அது நடக்காது. பிராக் யூதர்கள் சுவருக்குள் அடைபட்ட பேட்டையில் வாழ்ந்தார்கள். நினைத்த இடத்தில் நிலம் வாங்க அவர்களுக்கு உரிமை கிடையாது. பக்கத்து மனைகளைச் சில முறை வாங்கிச் சேர்த்தும் போதவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய யூதக் குடியிருப்புகளில் ஒன்றாக அது வளர்ந்திருந்தது. பக்கவாட்டில் இடம் இல்லை, கீழே இருப்பவர்களை எடுக்கவும் கூடாது. மிச்சம் இருந்தது மேல்பக்கம்தான். வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து பழைய கல்லறைகளின் மேல் கொட்டினார்கள், அந்தப் புது மண்ணில் அடுத்த தலைமுறையைப் புதைத்தார்கள். கீழே இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவில் ஆறு கையகலம், அதாவது ஏறக்குறைய அரை மீட்டர், மண் இருந்தால் சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும்.

இங்கேதான் நீங்கள் பார்த்த காட்சியின் வேர் இருக்கிறது. மண் கொட்டும்போது கீழே இருந்த பழைய கல்லை அப்படியே மூடிவிடலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய கல்லைப் பெயர்த்து மேலே தூக்கி, புது மட்டத்தில், புதிதாக வந்தவரின் கல்லுக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். அடியில் இருப்பவரின் பெயர் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. அடுத்த தலைமுறையில் மறுபடியும் மண், மறுபடியும் இரண்டு கற்களையும் தூக்கினார்கள். இப்படியே போனால் ஒரே இடத்தில் நான்கைந்து தலைமுறைகளின் கற்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். 1550-இல் இறந்தவரின் கல்லும் 1720-இல் இறந்தவரின் கல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணம் கிடையாது. அடுத்த முறை போனால் வெளியே தெருவில் நின்று சுற்றுச்சுவரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தரை தெருவை விட எவ்வளவு உயரம் என்று தெரியும். நீங்கள் நடந்த பாதைக்கு அடியில் ஒரு குன்றளவு மனிதர்கள் இருக்கிறார்கள்.

சாய்வு அதன் பிறகு தானாக வந்தது. கொட்டிய மண் இறுகாத மண். அதில் மரப்பெட்டிகள். பெட்டி மக்கி அமுங்கும்போது மேலே பள்ளம் விழும். கற்களுக்கு அடித்தளம் கிடையாது, நீளமான பலகைக்கல்லின் கால்பாகத்தை மண்ணில் ஊன்றியிருப்பார்கள், அவ்வளவுதான். குளிர்காலத்தில் மண்ணில் இருக்கும் நீர் உறைந்து விரியும், கல்லை ஒரு பக்கமாக உந்தும். வசந்தத்தில் உருகி இளகும், கல் அந்தப் பக்கமே தங்கிவிடும். இதற்கு மேல் மர வேர்கள். ஆண்டுக்கு ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தாலும் 300 ஆண்டில் கல் படுத்துவிடும். பக்கத்தில் இன்னொரு கல் இருப்பதால்தான் பல கற்கள் விழாமல் அதன்மேல் சாய்ந்து நிற்கின்றன.

அப்படியானால் இப்போது நிமிர்த்த வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு கல்லை நிமிர்த்தி நிலையாக நிறுத்த வேண்டுமென்றால் குழி எடுத்து அடித்தளம் போட வேண்டும். எந்த இடத்தில் குழி எடுத்தாலும் அங்கே ஒருவர் இருக்கிறார். சிற்றூர் இடுகாடுகளில் ஒரே அடுக்குதான், அங்கேயே எங்களை எவ்வளவு கட்டுப்படுத்துவார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே ரபி வந்து, மண்வெட்டி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று விரலால் காட்டிவிட்டுப் போவார். நட்ட இடத்தைச் சோதிக்க இரும்புக் கம்பியை ஊன்றுவதைக்கூட அவர் அனுமதிக்கவில்லை. பல அடுக்கு இருக்கும் பிராக்கில் இது இன்னும் கடினம். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கற்கள் எதுவும் தத்தம் உடலுக்கு நேர் மேலே நிற்பதாகச் சொல்ல முடியாது, பல முறை தூக்கி நட்டவை. வரிசை கட்டி நேராக நிறுத்தினால் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு கல்லறை என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார், அது பொய்யான ஒழுங்கு. கற்களின் நெரிசலும் சாய்வும்தான் அந்த மக்களுக்கு இடமே கொடுக்கப்படவில்லை என்பதற்கான சான்று. அதனால் அங்கே பாதுகாப்பு வேலை என்பது, விழப்போகிற கல்லைத் தாங்கி நிறுத்துவது, உடைந்ததை ஒட்டுவது, எழுத்து உதிராமல் காப்பது. சாய்வை அழிப்பது அந்த வேலையில் சேராது.

அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு மூன்று கற்களையாவது சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1609-இல் இறந்த ரபி யூதா லேவ் பென் பெசாலேல், மஹரால் என்று அழைக்கப்படுபவர், அவருடைய கல்லறைதான் அங்கே அதிகம் பேர் தேடிப் போவது. பலகைக்கல் இல்லை, வீடு போல நான்கு பக்கமும் கட்டியது. அதன் இடுக்குகளில் வேண்டுதல் எழுதிய காகிதத் துண்டுகளைச் செருகி வைத்திருப்பார்கள். பேரரசர் ஒருவரால் பிரபுப் பட்டம் பெற்ற யாக்கோபு பஸ்ஸெவியின் மனைவி ஹெண்டல் 1628-இல் இறந்தார், அவருடைய கல்லறை அங்கே இருப்பவற்றில் பெரியவற்றுள் ஒன்று, கேடயம் ஏந்திய சிங்கங்களோடு. கணவருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. கணவர் பிராக்கை விட்டு வெளியேற வேண்டி வந்து, வேறு ஊரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். எனக்குப் பிடித்தது 1613-இல் இறந்த தாவீது கான்ஸின் கல். வரலாறும் வானியலும் எழுதியவர், வானியலாளர்களான டீகோ பிராஹேவையும் கெப்ளரையும் நேரில் அறிந்தவர். கான்ஸ் என்றால் ஜெர்மனில் வாத்து இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. அவர் கல்லில் ஆறுமுனை நட்சத்திரமும் அந்தப் பறவையும் செதுக்கியிருக்கிறார்கள். பெயரில் சிங்கம் இருந்தால் கல்லில் சிங்கம், மான் இருந்தால் மான், மீன் இருந்தால் மீன். இரண்டு கைகள் விரல் விரித்து இருந்தால் அவர் ஆசாரியக் குலமான கோஹன். கூஜா இருந்தால் லேவியர், ஆசாரியர் ஆசீர்வாதம் சொல்லும் முன் அவர் கையில் தண்ணீர் ஊற்றுகிறவர்.

1787-க்குப் பிறகு அந்த இடம் தூங்கிப்போனது. பெரிய அடி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விழுந்தது. 1896 முதல் பழைய யூதப் பேட்டையை நெரிசலும் அழுக்கும் என்று சொல்லிக் கிட்டத்தட்ட முழுவதுமாக இடித்துவிட்டு அகலமான தெருக்களும் மாடி வீடுகளும் கட்டினார்கள். யூதர்கள் வழிபடும் ஜெப ஆலயங்கள் சிலவும் போயின. புதுத் தெரு ஒன்றுக்காக இடுகாட்டின் ஓரத்தையும் வெட்டினார்கள். அங்கிருந்து எடுத்த எலும்புகளை இடுகாட்டுக்குள்ளேயே நெஃபெலே என்ற மேட்டில் அடக்கம் செய்தார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளைப் புதைத்து வந்த மேடு அது. இடித்த ஜெப ஆலயங்களின் பொருட்களைக் காப்பாற்றத்தான் 1906-இல் யூத அருங்காட்சியகம் தொடங்கியது. நீங்கள் சீட்டு வாங்கியது அவர்களிடம்தான். 1950-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1994-இல் யூதச் சமூகத்திடம் திரும்பி வந்தது. ஆக, கேட்பாரற்ற இடம் என்று நினைக்க வேண்டாம். பெயர்களைப் படியெடுப்பவர்களும் கல்லைச் செப்பனிடுகிறவர்களும் பல தலைமுறையாக அங்கே உழைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓட்டோ முனெலெஸ். இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் ஹெவ்ரா கதிஷா என்ற சங்கத்தில் இருந்தவர், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமிலும் அந்த வேலையையே செய்தவர், உயிரோடு திரும்பி வந்து அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து இந்த இடுகாட்டின் எழுத்துகளைத் திரட்டினார்.

நாஜிக் காலத்தில் இடுகாடு தப்பித்தது, மக்கள் தப்பிக்கவில்லை. நீங்கள் உள்ளே நுழைந்த பிங்காஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில் எழுதியிருப்பது செக் நாட்டுப் பகுதிகளான பொகீமியாவையும் மொராவியாவையும் சேர்ந்த, கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள். 1950-களில் கையால் எழுதினார்கள். 1968-க்குப் பிறகு கட்டடத்தை மூடிவிட்டார்கள், ஈரம் ஏறி எழுத்துகள் அழிந்தன, 1990-களில் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2002-இல் வந்த வெள்ளத்தில் கீழ்வரிசைப் பெயர்கள் மறுபடியும் நனைந்தன, மறுபடியும் எழுதினார்கள். பராமரிப்பு என்றால் இதுதான். ஒரு முறை செய்துவிட்டு ஓய்கிற வேலை இல்லை.

இனி, சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டியவை. வழிகாட்டிகள் பன்னிரண்டு அடுக்கு என்று அடித்துச் சொல்வார்கள். பல அடுக்கு இருப்பது உறுதி. ஆனால் அந்த இடத்தை யாரும் முழுக்கத் தோண்டி எண்ணவில்லை, தோண்டவும் முடியாது. சில இடங்களில் அந்த அளவு இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அடியில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பதும் ஊகக் கணக்குதான். அப்புறம், நாஜிகள் ‘அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்’ அமைக்கத் திட்டமிட்டு அதனால்தான் இவற்றை விட்டுவைத்தார்கள் என்ற கதை. போர்க்காலத்தில் அருங்காட்சியகத்தில் பறிமுதல் பொருட்கள் குவிந்ததும், யூத அறிஞர்களே அவற்றைப் பட்டியலிட்டதும், அவர்களில் பெரும்பாலோர் பின்னால் முகாம்களுக்கு அனுப்பப்பட்டதும் உண்மை. அந்தப் பெயரில் ஒரு திட்டம் இருந்தது என்பதற்குப் போர்க்கால ஆவணம் கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மஹரால் களிமண்ணில் கோலெம் என்ற மனித உருவத்தைச் செய்து உயிர் கொடுத்த கதையும் அவர் காலத்து எழுத்துகளில் இல்லை. அவரோடு இணைத்து அது பரவியது 19-ஆம் நூற்றாண்டில். கதையாகக் கேட்க நன்றாக இருக்கும், கல்லறைக்குப் போய் அதைத் தேட வேண்டாம்.

கல்லின் நிலைமைக்கு வருகிறேன், இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. அங்கே இரண்டு வகைக் கற்கள் அதிகம். ஒன்று மணற்கல். இன்னொன்று பிராக்குக்குப் பக்கத்தில் ஸ்லிவெனெட்ஸ் என்ற இடத்தில் வெட்டியெடுக்கும் இளஞ்சிவப்புக் கல். பளிங்கு என்று பெயர், உண்மையில் மெருகேறக்கூடிய சுண்ணாம்புக்கல். மணற்கல் செதுக்க எளிது, அதனாலேயே உதிர்வதும் எளிது. வட பொகீமியாவில் பழுப்பு நிலக்கரி எரித்த காலத்தில் காற்றில் கந்தகம் அவ்வளவு இருந்தது. மழையோடு சேர்ந்து அது சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக மாற்றும். ஜிப்சம் புகைக்கரியைப் பிடித்துக்கொண்டு கல்லின் மேல் கருப்புப் பொருக்காக ஒட்டும். பார்க்கத் தோல் கெட்டியானது போலத் தெரியும். ஒரு நாள் அந்தப் பொருக்கு எழுத்தையும் சேர்த்துக்கொண்டு பாளமாகப் பெயர்ந்து விழும். 1990-களில் அனல்மின் நிலையங்களில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவிகள் வந்தபின் காற்று வெகுவாகத் தெளிந்துவிட்டது. ஏற்கெனவே கல்லுக்குள் போன உப்பு மட்டும் உள்ளேதான் இருக்கிறது. ஈரமாகும்போது கரைந்து, காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே கல்லை நெம்பும்.

அதனால் வேலை எப்போதும் கழுவுவதில் தொடங்காது. முதலில் உதிரும் இடத்தைக் கெட்டிப்படுத்த வேண்டும். மணற்கல்லுக்கு எத்தில் சிலிகேட் என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவோம், அது உள்ளே போய் மணல் துகள்களுக்கு நடுவில் பசையாக இறுகும். உப்பை எடுக்க, உப்பில்லாத நீரில் நனைத்த காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்பிவிட்டுக் காயவிடுவோம். காயக் காய உப்பு கல்லிலிருந்து கூழுக்கு வந்துவிடும், உரித்தெடுத்து மறுபடி புதிதாக அப்ப வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மென்மையான தூரிகையும் தண்ணீரும். கம்பித் தூரிகை, அமிலம், துணி வெளுக்கும் தூள் எதுவும் கூடாது. வேகமாகப் பீய்ச்சும் எந்தக் கருவியும் கூடாது. கோயில் சுவரில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து கல்வெட்டுகளை இழந்த வலி நமக்குத் தெரியாததா. உடைந்த கல்லை ஒட்டும்போது உள்ளே துருப்பிடிக்காத எஃகு ஆணி. பழைய காலத்து இரும்பு ஆணி துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். இடைவெளியை நிரப்பச் சுண்ணாம்புச் சாந்து, சிமெண்டு கிடையாது.

சிமெண்டு ஏன் கூடாது என்று ஒரே ஒரு கல்லில் கற்றுக்கொண்டேன். ஒரு சிற்றூர், காட்டோரம், சுவர் பாதி சரிந்த இடுகாடு. 1945-க்குப் பிறகு அந்த ஊருக்கு யூதர் யாரும் திரும்பி வரவில்லை. எங்களுக்கு முன்னால் யாரோ நல்லெண்ணத்தோடு வந்து, சாய்ந்திருந்த ஒரு மணற்கல்லை நிமிர்த்தி, சிமெண்டுப் பீடத்தில் நட்டு, அழுத்த நீரால் பளிச்சென்று கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த இடத்திலேயே அழகான கல் அதுதான். கிட்டே போய்க் குனிந்தேன். தரையிலிருந்து ஏறிய ஈரம் சிமெண்டு வழியாக வெளியேற முடியாமல் கல்லுக்குள்ளேயே ஏறியிருந்தது. பீடத்துக்கு ஒரு சாண் மேலே கல் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருந்தது. விரல் நுனி பட்டதும் கடைசி வரியின் இரண்டு எழுத்துகள் சர்க்கரை போல உதிர்ந்து என் செருப்பின் மேல் விழுந்தன. பக்கத்தில், யாரும் தொடாமல் பாசி படிந்து சாய்ந்து கிடந்த கல்லில் எல்லா எழுத்தும் இருந்தது. அன்று மாலை இருட்டிய பிறகு டார்ச்சை அந்தக் கல்லின் பக்கவாட்டில் வைத்து அடித்தோம். பகலில் வெறும் பலகையாகத் தெரிந்ததில் எழுத்துகள் நிழல் கட்டி ஒவ்வொன்றாக எழும்பின. ஒரு பெண்ணின் பெயர், தந்தையின் பெயர், இறந்த மாதம். கூட இருந்த செக் மாணவர் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் பிறகு சாய்ந்த கல்லைப் பார்த்ததும் நிமிர்த்தத் தோன்றுவதில்லை. கீழ்விளிம்பில் உப்பு பூத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

செக் நாட்டில் இப்படி 300-க்கும் மேற்பட்ட யூத இடுகாடுகள் இருக்கின்றன. உங்கள் கவலை போக வேண்டிய இடம் அவைதான். பிராக்கிலேயே இன்னொன்று உண்டு. ஜிஷ்கோவ் பகுதியில், 1680-இல் கொள்ளைநோய் வந்தபோது திறந்த இடுகாடு. பழையது மூடப்பட்டபின் 1890 வரை அதுதான் பயன்பட்டது. சுமார் 40,000 பேரை அங்கே புதைத்தார்கள், 18-ஆம் நூற்றாண்டின் பெரும் ரபியான எசேக்கியேல் லாண்டா உட்பட. 1960 வாக்கில் அதன் பெரும்பகுதியை மூடிப் பூங்கா ஆக்கினார்கள். 1985-க்குப் பிறகு அதே நிலத்தில் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அடித்தளம் தோண்டினார்கள். எஞ்சியது ஒரு மூலைதான். 2020-இல் பிராக்கின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தரைக்கல்லைப் பெயர்த்தபோது, கவிழ்த்துப் போட்டிருந்த சில கற்களின் அடிப்பக்கத்தில் எபிரேய எழுத்தும் மெருகும் இருந்தன. கம்யூனிச ஆட்சியில் யூதக் கல்லறைக் கற்களைத் துண்டு போட்டுப் பாவியிருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை யூதச் சமூகத்திடம் ஒப்படைத்தார்கள். ஜிஷ்கோவில் எஞ்சிய அந்த மூலையிலேயே அவற்றைக் கொண்டு ஒரு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். சாய்ந்த 12,000 கற்களைப் பார்க்க நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கலாம், மெட்ரோவில் போய்விடலாம்.

பழைய இடுகாட்டுக்குப் போகிறவர் கடைப்பிடிக்க வேண்டியவையும் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை மூடியிருக்கும். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கயிறு கட்டிய பாதையை விட்டு இறங்க வேண்டாம், கற்கள் எப்படி நிற்கின்றன என்று இப்போது தெரியும். பூ வைப்பது அவர்கள் வழக்கமில்லை, கல்லறை மேல் சின்னக் கூழாங்கல் வைப்பார்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள், துகள்கள் கல்லின் துளைகளில் தங்கிவிடும். பக்கவாட்டு வெளிச்சம் விழும் நேரத்தில் படம் எடுங்கள், போதும்.

கடைசியாக, நீங்கள் போட்டிருந்த அந்த ஒரு படம். பாதி புதைந்த இளஞ்சிவப்புக் கல், மேலே கூஜா. அவர் லேவியர். முதல் வரியில் ஆண்டு இருக்கிறது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள்: ஷின் 300, த்ஸாதி 90, பேத் 2, மொத்தம் 392. அதற்கு அடுத்து வரும் மூன்று எழுத்துகள் ‘சிறு கணக்கின்படி’ என்பதன் சுருக்கம், அதாவது 5000-ஐ விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். 392-உடன் 1240-ஐக் கூட்டினால் 1632. மாதம் அவர்களுடைய புத்தாண்டுக்கும் டிசம்பருக்கும் இடையில் விழுந்தால் 1631. மாதத்தின் பெயர் கீறலில் மறைந்திருக்கிறது, உங்கள் படத்தில் என்னால் பிரிக்க முடியவில்லை. அதற்குக் கீழே பெயர் தொடங்குகிறது, இரண்டாவது எழுத்தோடு மண் வந்துவிடுகிறது. மிச்ச வரிகள் மண்ணுக்குள் இருக்கின்றன. பெரிய அளவில் எடுத்த படம் கையில் இருந்தால் போடுங்கள், எபிரேயம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் அந்த மாதத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.